அரைப் பேர்

2021 மார்ச்சில், இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று அரசு வர்த்தமானி வெளிவந்தது. மலையகத்து ஹட்டனிலிருந்து செய்தி எழுதும் நான் அதையே தலைப்பாக்கி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். சில மாதங்கள் கழித்து, தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்து வாசலில் அக்கா ஒருவர் தன் சம்பளத் துண்டை என் கையில் வைத்தார். "தம்பி, நீங்கள் எழுதிய ஆயிரம் இதில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்."

நாலாக மடித்து மடித்து, மடிப்போரம் கிழிந்த தாள். கொழுந்துக் கறை ஏறிய விரலால் வரிவரியாகத் தொட்டுக் காட்டினார். சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத் தூள் என்று பிடித்தங்கள். அதற்கும் மேலே, அந்த மாதம் விழுந்த ஏழு அரைப் பேர். சம்பளம் கூடிய கையோடு, பறிக்கவேண்டிய கிலோவையும் கூட்டிவிட்டார்கள். நிறுவையில் குறைந்தால் அன்றைக்குப் பாதிச் சம்பளம்; அதுதான் அரைப் பேர். ஒரு மாலை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசருகே நின்றிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

அதன் பிறகுதான் கோ. நடேசய்யரைத் தேடிப் படித்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பத்திரிகையாளர். வெளியார் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத அந்தக் காலத்தில், துணி மூட்டை சுமந்து வியாபாரியாக லயங்களுக்குள் போனவர். 'தேச நேசன்', 'தேசபக்தன்' என்று பத்திரிகை நடத்தினார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டினார். மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக எழுதிப் பாடினார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தப் பாட்டுதான் பத்திரிகை.

அன்றைக்குத் 'துண்டு' என்றால் தொழிலாளியின் கடனை எழுதித் தோட்டத்தை நடத்தும் துரை கொடுக்கும் சீட்டு. அந்தக் கடனை அடைக்கும் தோட்டத்துக்குத்தான் அவர் மாறிப் போகலாம். 1921இல் அது சட்டப்படி ஒழிந்தது. மூட்டையை இறக்கி வைத்து, லயத்துப் படியில் உட்கார்ந்து நடேசய்யர் எத்தனை கணக்குகளைக் கேட்டிருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இப்போது எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் துண்டைத்தான் கேட்கிறேன். தேதி, கிலோ, அரைப் பேர், பிடித்தம் எல்லாம் என் குறிப்பேட்டில் ஏறுகின்றன. செய்தி நாலு வரியாகச் சுருங்கினாலும் குறிப்பேடு என்னிடம் இருக்கிறது.

போன மாதம் அதே லயத்துக்குப் போனேன். அக்கா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். திறந்தால், ரப்பர் பட்டி போட்டு வருடம் வருடமாகக் கட்டிய துண்டுகள். படியில் உட்கார்ந்து இருவரும் முதல் கட்டைப் பிரித்தோம்.