கிரியேட்டின் வாங்கும்போது கிராம் கணக்கைப் பாருங்கள்

கிரியேட்டின் என்பது தசைக்கு ஆற்றல் கூட்ட உடற்பயிற்சி செய்பவர்கள் எடுக்கும் பொடி. சப்ளிமென்ட் கடையில் அதைக் கேட்டால் மோனோஹைட்ரேட், எச்.சி.எல். (ஹைட்ரோகுளோரைடு), பஃபர்டு, நைட்ரேட் என்று நாலைந்து வகை டப்பாவை எடுத்து வைப்பார்கள். விலை ஏற ஏற ‘இதுதான் லேட்டஸ்ட்’ என்ற பேச்சும் கூடும். பெரும்பாலானவர்களுக்கு மோனோஹைட்ரேட் போதும். இத்தனை ஆண்டு ஆய்வுகளில் பெரும்பகுதி நடந்ததும் அதை வைத்துத்தான்.

எச்.சி.எல். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஒரு ஸ்கூப் 750 மில்லிகிராம் என்றோ, 1.5 கிராம் என்றோ இருக்கும். எச்.சி.எல்.லில் கிரியேட்டின் சுமார் 78 சதவீதம்தான், மோனோஹைட்ரேட்டில் 88. அதாவது 5 கிராம் மோனோஹைட்ரேட்டில் 4.4 கிராம் கிரியேட்டின் கிடைக்கிறது, 1.5 கிராம் எச்.சி.எல்.லில் 1.2 கிராம்கூடத் தேறாது. சமமாக வேண்டுமானால் எச்.சி.எல்.லையும் 5.6 கிராம் போட வேண்டும். அப்படிப் போட்டால் டப்பா எத்தனை நாள் வரும், விலை என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

‘அது நன்றாகக் கரையும், அதனால் கொஞ்சம் போதும்’ என்பார்கள். கரைவது உண்மை. ஆனால் மோனோஹைட்ரேட்டையும் குடல் ஏறக்குறைய முழுசாகவே உறிஞ்சிக்கொள்கிறது. இதற்கு மேல் கூட்ட என்ன இருக்கிறது? டம்ளர் அடியில் மணல் மாதிரி தங்குவதுதான் மோனோஹைட்ரேட்டின் தொல்லை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 14 கிராம் அளவுக்குத்தான் கரைக்கும். 250 மில்லியில் 5 கிராம் போட்டால் ஒன்றரை கிராம் அடியில் நிற்கும். ஃப்ரிட்ஜ் தண்ணீரில் இன்னும் மோசம். வெதுவெதுப்பான நீரில் கலக்கி உடனே குடியுங்கள். அடியில் தங்கினால் இன்னொரு வாய் தண்ணீர் ஊற்றி அலசிக் குடித்துவிட்டால் தீர்ந்தது. மைக்ரோனைஸ்டு என்பது இதே மோனோஹைட்ரேட்டைப் பொடிசாக அரைத்தது. விலை வித்தியாசம் சொற்பம் என்றால் அதையே எடுக்கலாம்.

பஃபர்டு வகை, வயிற்று அமிலத்தில் கிரியேட்டின் கெடாமல் காக்கும் என்று விற்கப்படுகிறது. வயிற்றுக்குள் இருக்கும் கொஞ்ச நேரத்தில் கெடுவதே மிகக் குறைவு. 2012-இல் வந்த நேரடி ஒப்பீட்டிலும் அது மோனோஹைட்ரேட்டை முந்தவில்லை. எத்தில் எஸ்டர் என்ற இன்னொரு வகையைத் தொடவே வேண்டாம்: உடம்புக்குள் பெருமளவு கிரியேட்டினினாக, அதாவது கழிவாக, மாறிவிடுகிறது. திரவமாக பாட்டிலில் வருவதும் அப்படித்தான், அலமாரியில் இருக்கும்போதே சிதையும். எலுமிச்சை பிழிந்து கலக்கி இரண்டு மூன்று நாள் வைத்துக் குடிப்பவர்களும் இதை யோசிக்கணும்.

அளவு: தினமும் 3 முதல் 5 கிராம், ஓய்வு நாளிலும். லோடிங் (தசையைச் சீக்கிரம் நிரப்ப முதல் சில நாள் கூடுதலாக எடுப்பது) செய்தால் தினமும் 20 கிராமை நான்கு வேளையாகப் பிரித்து 5 முதல் 7 நாள். ஒரே வேளையில் கொட்டினால் வயிற்றுப்போக்கு வரலாம், பழி பிராண்டின் மேல் விழும். லோடிங் இல்லாமல் 3 கிராமே எடுத்தாலும் நான்கு வாரத்தில் தசை கிட்டத்தட்ட அதே அளவு நிரம்பிவிடும். ஸ்கூப்பை நம்பாமல் முதல் தடவை சின்னத் தராசில் நிறுத்துப் பாருங்கள். லோடிங் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ கூடுவது தண்ணீர், கொழுப்பு இல்லை.

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். மற்றவர்களும் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் கிரியேட்டின் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் கிரியேட்டினின் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். சந்தேகம் வந்தால் மருத்துவர், கிரியேட்டினினை நம்பாமல் சிறுநீரகத்தைச் சோதிக்கும் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுப்பார்.