மூன்றாவது சிலிண்டர் தின்ற இரண்டு நாள்

எங்கே புறப்பட்டோம், எங்கே இறங்கினோம் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த மெக்கானிக் மேல் வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

நண்பருடைய நான்கு இருக்கை விமானம். எரிபொருளில் பாதிச் செலவு என்னுடையது. உயரம் ஏறிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது சிலிண்டரின் வெப்பம் 440 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. மற்ற மூன்றும் 390-ஐ ஒட்டி நின்றன. இந்த விமானத்தில் இருக்கும் லைகமிங் ஓ-320 என்ஜினுக்கு உச்சவரம்பு 500 என்று நண்பர் தைரியம் சொன்னார். 400-க்குள் இருந்தால்தான் சிலிண்டர் நீண்ட நாள் உழைக்கும் என்பதையும் அவரேதான் சொன்னார். அதிகக் காற்று பட்டு என்ஜின் ஆறட்டும் என்று விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்டிப் பார்த்தார். 425-க்குக் கீழே வரவில்லை. வழியில் தென்பட்ட சிறிய ஓடுபாதையில் இறங்கிவிட்டோம்.

அங்கிருந்த மெக்கானிக், என்ஜின் மூடியைத் திறக்கும் முன்பே சிலிண்டரைக் கழற்றச் சொன்னார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற யோசனை! கூலியோ மணிக்கணக்கில். திரும்பும் வழிக்கான எரிபொருள் பணம் என் மனக்கணக்கில் அப்போதே கரைந்துவிட்டது.

நண்பர் முதலில் சந்தேகப்பட்டது வெப்ப உணரியை. ஒன்றாவது, மூன்றாவது சிலிண்டர்களின் உணரிகளை இடம் மாற்ற வைத்து, ஒரு சுற்றுப் பறந்தோம். திரையில் இப்போது ஒன்றாம் எண் எகிறியது. "இடம் மாறிவிட்டது, உணரிதான் திருடன்!" என்று துள்ளினேன். நண்பர் சிரித்தார். ஒன்றாம் உணரி உட்கார்ந்திருப்பது மூன்றாவது சிலிண்டரில் அல்லவா? சூடு நிஜம்.

ஸ்பார்க் பிளக்குகளில் குறை இல்லை. சிலிண்டருக்குக் காற்றும் எரிபொருளும் கலந்து போகும் குழாயின் இணைப்பில் கசிவு இருந்தால் கலவையில் எரிபொருள் குறைந்து அந்த ஒரு சிலிண்டர் மட்டும் கொதிக்கும். விமானப் பெட்ரோலின் நீலக் கறையும் அங்கே படிந்திருக்கும். கறை இல்லை.

இருட்டிய பிறகுதான் குட்டு உடைந்தது. மூடியைப் பொருத்திவிட்டு, முன்பக்கக் காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தோம். முன்னால் நுழையும் காற்று என்ஜினுக்கு மேலே தேங்கி, சூட்டை வெளியேற்றும் சிலிண்டரின் மெல்லிய உலோக இதழ்களுக்கு நடுவே புகுந்து கீழே வெளியேற வேண்டும். தேங்க வைப்பது தடுப்புத் தகடுகளும் அவற்றின் ஓரத்து ரப்பர் பட்டையும். பின்மூலையில் அந்தப் பட்டை முன்னோக்கி வளையாமல் பின்பக்கமாக மடிந்து கிடந்தது. விரல் நுழையும் இடைவெளி. மூன்றாவது சிலிண்டரை அணைத்திருக்க வேண்டிய தகடும் பிடிப்புக் கம்பி அறுந்து விலகி நின்றது. காற்று இதழ்களைத் தொடாமலே நழுவியிருக்கிறது. கடைசியாக மூடியை மாட்டிய புண்ணியவான் யாரோ!

கம்பியும் பட்டையும் மாற்ற இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் ஏறும்போது மூன்றாவது 395. மற்றவையும் பத்துப் பத்து டிகிரி இறங்கியிருந்தன.

பில்லில் "பழுது கண்டறிதல்" என்று மூன்று மணி நேரக் கூலி. டார்ச் எங்களுடையது என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தைக் குறைத்தார்.