இருபது வயதில் கண்ணுக்குக் கீழே பை: கத்தி எந்த வழியாகப் போக வேண்டும்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாணத் தேதி குறித்த வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது. "போட்டோவில் தூங்காத முகமாத் தெரியுதே, கண்ணுக்குக் கீழே இருக்கிற பையை ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா?" கேட்கிற பிள்ளைக்கு வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். பக்கத்தில் நிற்கிற அப்பச்சியின் முகத்தைப் பார்த்தால் அதே பை, அதே இடத்தில். பரம்பரையாக வருவது இது. ஐம்பது வயதில் தோல் தளர்ந்து தொங்குகிற பை வேறு, இது வேறு. இரண்டுக்கும் ஒரே அறுவை செய்வதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன.

கண் ஒரு கொழுப்பு மெத்தையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கொழுப்பு முன்னால் சரிந்து வராமல் செப்டம் என்ற மெல்லிய சவ்வு பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழிமையில் மூக்கோரம், நடு, வெளியோரம் என்று கொழுப்புக்கு மூன்று அறைகள். சிலருக்குப் பிறவியிலேயே கொழுப்பு முன்தள்ளி இருக்கும். ஆனால் இளம் வயதில் மேலே மூடியிருக்கிற தோலும் தசையும் விறைப்பாகவே இருக்கும். ஆக, குறை கொழுப்பில், தோலில் இல்லை. எந்த வழி என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

அதற்கு முன்னால், இருப்பது கொழுப்புதானா என்று பார்க்க வேண்டும். வளவில் மேலேயிருந்து வெளிச்சம் விழுகிற இடத்தில் கண்ணாடியோடு நின்று, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே உயர்த்துங்கள். மேலே பார்க்கும்போது பை இன்னும் புடைத்தால் அது கொழுப்பு. எங்கே பார்த்தாலும் ஒரே அளவு என்றால், அல்லது காலையில் பெரிதாகவும் சாயங்காலம் சிறிதாகவும் இருந்தால், அது நீர்க்கோப்பு. உப்பு, வற்றல், கருவாடு, தூக்கமின்மை, தும்மலோடு வரும் அலர்ஜி, சில சமயம் சிறுநீரகம் என்று அதற்குக் காரணங்கள் பல. கத்தி வைத்தாலும் அது போகாது. சிரிக்கும்போது மட்டும் இமைமுடிக்கு நேர் கீழே உருளையாகத் தெரிவது தசை, அதைத் தொடவே கூடாது. திடீரென்று சில மாதங்களுக்குள் பை வந்து, கண்ணும் விரிந்து முழிக்கிற மாதிரி இருந்தால் முதலில் தைராய்டு பரிசோதனை.

நம் நிறத்துக்காரர்களுக்கு இன்னொன்று. கருவளையம் பெரும்பாலும் தோலின் நிறமி. பை எடுத்தால் பையின் நிழல் குறையும், நிறமி அப்படியேதான் இருக்கும். விரலால் தோலை மெல்ல இழுத்துப் பாருங்கள். கருமை தோலோடு சேர்ந்து நகர்ந்தால் அது நிறமி. டார்ச் வெளிச்சத்தை நேர் எதிரே பிடித்தால் மறைந்துபோவது நிழல். இதை முன்கூட்டியே சொல்லாமல் செய்த அறுவை, எவ்வளவு நன்றாக முடிந்தாலும், ஏமாற்றத்தில்தான் போய் நிற்கும்.

இனி வழிக்கு வருவோம். இமையின் உள்பக்கம் வழியாகப் போவது டிரான்ஸ்கன்ஜங்டைவல் முறை. பிரான்சின் பூர்கே 1924இல் எழுதி வைத்தது, புதுசு ஒன்றும் இல்லை. இமைமுடிக்குக் கீழே தோலை வெட்டிப் போவது சப்சிலியரி முறை. செட்டிநாட்டு வீட்டைப் பழுது பார்ப்பதோடு ஒப்பிட்டால், முன்னது பின்கட்டு வழியாக உள்ளே போய் வேலையை முடித்துவிட்டு முகப்பைத் தொடாமல் வருவது. பின்னது முகப்பை உடைத்துத் திரும்பக் கட்டுவது. முகப்பில் குறை இல்லாத வீட்டில் முகப்பை ஏன் உடைக்க வேண்டும்? இருபதுகளில் இருப்பவருக்கு உள்வழிதான் சரி. அதற்கு விலக்கு மிகச் சிலவே.

உள்வழியில், கீழிமையைத் தாங்குகிற டார்சஸ் தகட்டின் கீழ் விளிம்பிலிருந்து 4, 5 மில்லிமீட்டர் தள்ளி, உள்சவ்வில் ஒரு வெட்டு. கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, பிறகு அட்ரினலின் கலந்த லிக்னோகைன் என்ற மரப்பூசி. அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கப் பத்து நிமிடம் எடுக்கும். அந்தப் பத்து நிமிடம் பொறுக்காமல் வெட்டினால் ரத்தம் கசிந்து எது கொழுப்பு, எது தசை என்று தெரியாமல் போகும். மூக்கோரக் கொழுப்பு வெளிறியிருக்கும், நடுக் கொழுப்பு நல்ல மஞ்சள். இரண்டுக்கும் நடுவே கண்ணை அசைக்கிற இன்ஃபீரியர் ஆப்லிக் தசை கிடக்கிறது. இதை அடையாளம் கண்டு ஒதுக்கி வைக்காமல் கொழுப்பைப் பிடித்து இழுத்தாலோ, அதன் மேல் காட்டரி என்ற சூட்டுக் கருவியால் சுட்டாலோ, பொருள் இரண்டிரண்டாகத் தெரியும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது.

வெளிவழியின் தொல்லை வேறு. தோல், தசை, செப்டம் என்று மூன்று அடுக்கையும் கடந்து போகிறது கத்தி. ஆறும்போது செப்டம் சுருங்கி இமையைக் கீழே இழுத்தால் கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரியும். கண் காயும், நீர் வடியும். அதைத் திருத்துவது முதல் அறுவையைவிடக் கடினம். மாநிறத் தோலில் வெட்டுக்கோடு சில மாதம் கருத்தும் தெரியலாம். வாயைத் திறந்து மேலே பார்த்த நிலையிலும் தோல் நிஜமாகவே மிச்சம் இருந்தால், உள்வழியில் கொழுப்பைச் சரிசெய்து, வெளியே 2 மில்லிமீட்டர் தோலை மட்டும் கிள்ளி எடுத்தால் போதும், தசையைத் திறக்க வேண்டியதில்லை. இளவயதில் அதுவும் அபூர்வம்.

உண்மையில், வழியைவிடப் பெரிய முடிவு கொழுப்பை என்ன செய்வது என்பது. எடுப்பதா, நகர்த்துவதா?

பைக்குக் கீழே, மூக்கோரத்திலிருந்து கன்னத்தை நோக்கி ஒரு பள்ளம் ஓடும். கண்ணீர் வழிகிற தடம் அது. பள்ளம் இல்லாமல் பை மட்டும் இருந்தால் கொஞ்சம் கொழுப்பை எடுப்பதே போதும். பையும் பள்ளமும் சேர்ந்திருந்தால், எடுத்தபின் பள்ளம் இன்னும் ஆழமாகத் தெரியும். அங்கே கொழுப்பை வெட்டி எறியாமல், தோலை எலும்போடு கட்டியிருக்கிற நாரை விடுவித்து, கண்குழி எலும்பின் விளிம்பைத் தாண்டிக் கொழுப்பைப் பள்ளத்தில் விரித்துத் தைக்கிறார்கள். மேட்டு மண்ணை எடுத்துப் பள்ளத்தில் போடுகிற கணக்கு. வீக்கம் கூடுதலாக இருக்கும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் தொட்டால் கட்டியாகத் தெரியும், நேரமும் அதிகம். இருந்தாலும் பள்ளம் உள்ள இளைஞருக்கு இதுவே நல்லது. வயது ஏற ஏற முகத்தில் கொழுப்பு தானாகவே குறையும். இருபத்தைந்தில் வழித்து எடுத்துவிட்டால் நாற்பத்தைந்தில் கண் குழிந்து நோயாளி முகமாகிவிடும். கண்ணை மெல்ல அழுத்தும்போது வெளிவருகிற கொழுப்பு எலும்பு விளிம்புக்குச் சமமாக வந்ததும் நிறுத்திவிட வேண்டும். குறைவாக எடுத்ததை இன்னொரு முறை திருத்தலாம். அதிகம் எடுத்ததைத் திரும்ப வைப்பது பெரும்பாடு.

கன்ன எலும்பையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நின்று ஒரு போட்டோ எடுங்கள். கருவிழியின் முன்பகுதி கன்னத்தைவிட முன்னால் நின்றால், அந்த இமைக்குக் கீழிருந்து தாங்கல் குறைவு. அவர்களுக்கு வெளிவழி இன்னும் ஆபத்து, கொழுப்பை எடுத்தால் கண் இன்னும் துருத்தித் தெரியும். இமையின் பிடிப்பைப் பார்க்கக் கீழிமையைக் கீழே இழுத்து விடுங்கள். இமைக்காமலே உடனே கண்ணில் போய் ஒட்ட வேண்டும். இளையோருக்கு இது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

கத்தியே வேண்டாம், ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பப் போடுகிற ஊசி) போதும் என்றும் சொல்வார்கள். பள்ளம் மட்டும் இருந்தால் சரி. பெரிய பையின் கீழே ஃபில்லர் போட்டால் எல்லாம் சேர்ந்து உப்பும், தோலுக்கு மிக அருகில் வைத்தால் நீலமாகத் தெரியும்.

முகூர்த்தத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் இருக்க வேண்டும். கன்றிய நீலம் இரண்டு வாரத்தில் போகும், முழு வடிவம் தெரிய மூன்றிலிருந்து ஆறு மாதம். ஆஸ்பிரின், புரூஃபன், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, லேகியம், சூரணம் என்று எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள், ரத்தம் உறையாமல் செய்கிறவை அதில் இருக்கலாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. சமீபத்தில் கண்ணாடியைத் தவிர்க்க லேசர் செய்தவர்கள் ஆறு மாதமாவது தள்ளிப்போடலாம், கண் ஏற்கெனவே காய்ந்திருக்கும்.

கண் அறுவையில் ஓக்குலோபிளாஸ்டி, அதாவது இமையையும் கண்ணைச் சுற்றியுள்ள பகுதியையும் சீரமைக்கிற பிரிவு, தனியாகப் படித்தவர் செய்வது நல்லது. மதுரை அரவிந்தில் அந்தப் பிரிவு இருக்கிறது. யாரிடம் போனாலும், "எடுப்பீர்களா, நகர்த்துவீர்களா, என் முகத்துக்கு ஏன் அது?" என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் முதல் 48 மணி நேரம், விழித்திருக்கும்போது மணிக்கொரு தரம் பத்து நிமிடம் குளிர் ஒத்தடம், தலைக்கு இரண்டு தலையணை. குனிந்து கோலம் போடுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது இரண்டு வாரத்துக்கு வேண்டாம், ஊருணிக் குளியலும் காண்டாக்ட் லென்ஸும் வேண்டாம். அப்பத்தா அன்போடு நந்தியாவட்டைப் பூச்சாறோ தாய்ப்பாலோ கண்ணில் விட வந்தால் தடுத்துவிடுங்கள். உள்ளே திறந்த காயம் இருக்கிறது, கிருமி ஏறும்.

எல்லாவற்றையும்விட முதல் ராத்திரிதான் முக்கியம். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுவது ஏறத்தாழ 2000 பேரில் ஒருவருக்கு நேரலாம், பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள். ரத்தம் கட்டி அழுத்தம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் பார்வையே போகலாம். மதுரையிலோ திருச்சியிலோ செய்துகொண்டு அன்று சாயங்காலமே காரில் ஊர் திரும்பினால், திரும்பிப் போகிற நேரமே அதற்கு மேல் ஆகிவிடும். ஆகவே அன்று ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்குங்கள். கூட இருப்பவர் மணிக்கொரு தரம் ஒரு கண்ணை மூடச் சொல்லி, மறு கண்ணால் சுவர்க் காலண்டரின் தேதியைப் படிக்கச் சொல்லட்டும். எண் மங்கினாலோ, ஒரு கண் மட்டும் கல்லுப் போல இறுகி வலித்துத் துருத்தினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அந்த நிமிடமே கிளம்புங்கள்.