தோபா ஏரி: சுமத்ராவுக்கு அத்தையோடு ஒரு பயணம்

காசிமேட்டுப் பக்கம் சுமத்ரா என்று சொன்னால் யாருக்கும் ஏரி நினைவுக்கு வராது. 2004 டிசம்பர் 26 தான் வரும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. என் மாமியார் ராயபுரத்தில் பூசை முடிந்து வெளியே வந்தபோது கரையிலிருந்து ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். படகும் வலையும் போயின, வீட்டு ஆட்கள் எல்லாரும் பிழைத்தார்கள். மாதா காப்பாற்றினாள் என்று இன்றைக்கும் சொல்வார். அதே மூச்சில், "அந்த சுமத்ராலேர்ந்து கெளம்பி வந்துச்சும்மா" என்றும் சொல்வார், ஏதோ தெரிந்த ஆள் அனுப்பிவைத்த மாதிரி.

அதனால், மே மாத விடுமுறைக்கு இந்தோனேசியாவில் அதே சுமத்ரா தீவிலுள்ள தோபா ஏரிக்குப் போகலாம் என்று வீட்டுக்காரர் பேச்செடுத்ததும் நாங்கள் எல்லாரும் அத்தை முகத்தைத்தான் பார்த்தோம். பெரியவள் ஒன்பதாம் வகுப்பு. வரைபடத்தை விரித்து ஆயாவுக்கு விளக்கினாள். ஏரி கடற்கரையில் இல்லை, தீவின் நடுவில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. "அவ்ளோ ஒசரத்துக்கு அலை வராதா?" "வரவே வராது ஆயா." சரி என்றார். ஜெபமாலையை முதலில் எடுத்து வைத்தார், சேலைகளை அப்புறம்.

சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு நாலு மணி நேரம். அங்கே விமானம் மாறினால் மேடான் நகரத்தின் குவாலனாமு விமான நிலையம் சுமார் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறது. இறங்கியதும் விசா வாங்கிக்கொள்ளலாம், ஆளுக்கு 5 லட்சம் ரூபியா. லட்சம் என்று கேட்டதும் சின்னவன் பயந்துபோனான். அங்கே டீக்குக் கூட ஆயிரக்கணக்கில்தான் கொடுக்க வேண்டும் என்று தெரிந்ததும் தெளிந்தான்.

மேடானிலிருந்து ஏரிக்கரை ஊரான பாராபாத் போக வண்டியில் நாலைந்து மணி நேரம். வழியெல்லாம் எண்ணெய்ப் பனைத் தோட்டம், பார்த்துப் பார்த்துச் சலிக்கும். பெமாத்தாங் சியாந்தார் என்ற ஊரில் மட்டும் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். அந்த ஊர் சைட்கார் ரிக்‌ஷாக்களை இழுப்பது பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்கள், ஆங்கிலேயத் தயாரிப்பு. புதுப்பேட்டையில் உதிரி பாகத்துக்கு அலைந்தே பாதி வாழ்க்கையைக் கழித்த மனிதர் அவர். ஒரு ரிக்‌ஷாக்காரரோடு பாஷையே இல்லாமல் கார்புரேட்டரைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் காத்திருந்தோம். அந்த முகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

பாராபாத் நெருங்கும்போது பாதை வளைந்து இறங்குகிறது. மரங்களுக்கு நடுவே கீழே நீலம் தெரிந்தது. எதிரே ஒரு கரை. "அவ்ளோதானா ஏரி?" என்றான் சின்னவன். அது எதிர்க்கரை இல்லை, ஏரிக்கு நடுவில் இருக்கிற சமோசிர் தீவு. அந்தத் தீவே சென்னை மாநகராட்சிப் பரப்பைவிடப் பெரியது. ஏரியின் நீளம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர், அகலம் 30. எங்கள் வீட்டிலிருந்து ரயில் பிடித்தால் சூலூர்ப்பேட்டையைத் தாண்டி நாயுடுபேட்டை நெருங்கும்வரை பக்கத்தில் ஏரி வந்துகொண்டே இருக்கும். ஆழமான இடத்தில் 500 மீட்டருக்கு மேல்.

அத்தனையும் ஓர் எரிமலையின் வாய். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு அது வெடித்தபோது உள்ளே இருந்த குழம்பு வெளியே கொட்டி, மேலிருந்த நிலம் இடிந்து உள்ளே விழுந்தது. அந்தப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர்தான் தோபா. பிறகு அடியில் மறுபடியும் குழம்பு ஏறி, ஏரியின் தரையையே மேலே தள்ளியது. அதுதான் சமோசிர். தீவின் மேட்டில் இன்றும் ஏரியடி வண்டல் கிடைக்கிறது. அன்று கிளம்பிய சாம்பல் வங்காள விரிகுடாவைத் தாண்டி இந்தியா முழுக்க விழுந்தது. ஆந்திராவில் கர்நூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் படிவத்துக்குக் கீழேயும் மேலேயும் கல்லாயுதங்கள் கிடைத்திருக்கின்றன. இதைச் சொன்னபோது அத்தை வியக்கவில்லை. எண்ணூரில் கட்டிக்கொடுத்த தங்கை வீட்டு மொட்டை மாடியில் அனல்மின் நிலையச் சாம்பலைப் பெருக்கியவர் அவர்.

பாராபாத்தின் திகாராஜா துறையிலிருந்து சமோசிரிலுள்ள துக்துக் போக மரப்படகு. ஏறுவதற்கு முன் அத்தை ஆட்களை எண்ணினார். மிதவைச் சட்டை எங்கே என்று கையால் கேட்டு, அவை கைக்கு வந்த பிறகுதான் பிள்ளைகளை ஏறவிட்டார். அவருக்குத் தெரியாது, ஆனால் எனக்குத் தெரியும்: 2018 ஜூனில் இதே ஏரியில் அளவுக்கு மீறி ஆளேற்றிய ஒரு படகு கவிழ்ந்து 150க்கும் மேற்பட்டோர் காணாமல் போனார்கள். படகு கிடந்த ஆழம் ஏறக்குறைய 450 மீட்டர். மேலே எடுக்கவே முடியவில்லை. ஏரிதானே என்று யாரும் அலட்சியமாக ஏறக்கூடாது.

படகு நடு ஏரிக்கு வந்தபோது பெரியவள் தன் பாடத்தை ஆரம்பித்தாள். இந்தியப் பெருங்கடலின் தரை சுமத்ராவுக்கு அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது. ஆழத்தில் போன பாறையிலிருந்து நீர் கசிந்து மேலுள்ள பாறையை உருகவைக்கிறது, அது மேலே வந்தால் எரிமலை. நுழைகிற இடத்தில் பூமியின் மேலோட்டுத் தட்டுகள் மாட்டிக்கொண்டு, பல காலம் கழித்து ஒரேயடியாக விடுபட்டால் நிலநடுக்கம். அது கடலுக்கடியில் நடந்தால் சுனாமி. அத்தை தண்ணீரில் கைவிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப அத்த அனுப்புனதும் இத்த பண்ணதும் ஒரே ஆளா?" என்றார். "ஆமாம் ஆயா." அப்புறம் கரை வரும்வரை ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் விடிகாலையில் அறையில் ஆள் இல்லை. தேடிப் போனால், விடுதிக்குக் கீழே கரையில் அந்தப் பகுதி மக்களான பத்தாக் இனத்துப் பெண்மணி ஒருவரோடு உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். ஏரிக்குள் வலைக்கூண்டு கட்டி மீன் வளர்க்கிறார்கள். "நம்ம ஜிலேபிதாம்மா, கொஞ்சம் கொழுத்திருக்கு" என்று தூக்கிக் காட்டினார். அந்தப் பெண்மணி செதிலை வால் பக்கமிருந்து எடுக்க, இவர் கத்தியை வாங்கித் தன் வழியைக் காட்ட, இருவரும் சிரித்துக்கொண்டார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, வாடையா கச்சானா என்று தெரியாமல் அத்தைக்குத்தான் ஒரே தவிப்பு. மலை சுற்றி நிற்கிற இடத்தில் காற்று தன் இஷ்டத்துக்குத் திரும்புகிறது.

மதியம் அங்கே ஆர்சிக் சாப்பிட்டோம். கெண்டை மீனை மஞ்சள், இஞ்சி எல்லாம் அரைத்துத் தண்ணீர் வற்றும்வரை வேகவைக்கிறார்கள். அதில் அந்தாலிமான் என்ற ஒரு காட்டு மிளகு சேர்கிறது. நாக்கு காரத்தில் எரியாமல் மரத்துப்போய்க் குறுகுறுக்கிறது. சின்னவனுக்குப் பிடிக்கவில்லை. நான் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன். பத்தாக் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், பன்றிக்கறி எல்லா இடத்திலும் உண்டு. வேண்டாதவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

கூண்டு மீன் அழகாகத் தெரிந்தாலும், அதன் தீவனமும் கழிவும் ஏரிக்குள்தான் போகின்றன. 2016இல் ஹரங்காவோல் பக்கம் தண்ணீரில் பிராணவாயு குறைந்து கூண்டு மீன்கள் மொத்தமாகச் செத்து மிதந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததைப் பார்த்த எங்களுக்கு இதை வெறும் செய்தியாகக் கேட்க முடியாது. தண்ணீரை நம்பிப் பிழைக்கிறவர்கள்தான் முதலில் அடிபடுகிறார்கள். அங்கேயும் அப்படித்தான்.

சமோசிரைச் சுற்றிப் பார்த்தோம். தொமோக்கில் சிடாபுத்தார் அரசரின் கல்லறை, அம்பாரித்தாவில் பழைய வழக்குமன்றக் கல் நாற்காலிகள், படகுபோல் இரு முனையும் உயர்ந்து கூரை வளைந்த பத்தாக் வீடுகள். எனக்கு இவற்றைவிடப் பிடித்தது மேற்குக் கரையின் பங்குருரான். தீவை நிலத்தோடு சேர்த்திருந்த குறுகிய துண்டை டச்சுக்காரர் காலத்தில் வெட்டிக் கால்வாய் ஆக்கிவிட்டார்கள். அதைத் தாண்டினால் புசுக் புஹித் மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்று. மலையின் வெளுத்த பாறையிலிருந்து கந்தக வாடையோடு ஆவி வருகிறது. இந்தப் பூமி இன்னும் ஆறவில்லை என்பதை அங்கே உள்ளங்காலில் உணர்ந்தேன். பத்தாக் மக்கள் தங்கள் முதல் மூதாதை இறங்கிய மலை என்று அதைக் கும்பிடுகிறார்கள்.

திரும்பும் வழியில் மேடானில் இரண்டு இடம். ஒன்று 1884இல் கட்டிய ஸ்ரீ மாரியம்மன் கோயில். டெலி பகுதிப் புகையிலைத் தோட்டங்களுக்கு உழைக்கப் போன தமிழர்களின் கோயில், அந்த வட்டாரத்துக்கே கம்போங் மெட்ராஸ் என்று பெயர். இன்னொன்று அன்னை வேளாங்கண்ணி ஆலயம், 2005இல் திறந்தது. அடுக்கடுக்கான கோபுரத்தோடு தூரத்துக்குக் கோயிலாகத்தான் தெரியும். அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார். நாகப்பட்டினத்து வேளாங்கண்ணியில் அந்த அலை அள்ளிக்கொண்டு போனவர்களில் எங்கள் தெருவிலிருந்து யாத்திரை போனவர்களும் உண்டு. உள்ளே போய் அவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி மெழுகுவத்தி ஏற்றினார். பக்கத்திலிருந்த ஒரு பாட்டி மழலைத் தமிழில் எந்த ஊர் என்று கேட்க, பேச்சு நீண்டு, வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

போகிறவர்கள் பாராபாத்தில் தங்காமல் படகேறி துக்துக்கில் தங்குங்கள், காலை வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது. காரோடு போவதென்றால் பாராபாத்துக்குப் பக்கத்து அஜிபாத்தாவில் பெரிய படகு இருக்கிறது. இரவில் நன்றாகக் குளிரும், சென்னை உடம்புக்கு ஸ்வெட்டர் கட்டாயம். வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள். மேடான் சாலையில் மட்டும் நடுவில் ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி அவர்களுக்குக் கொஞ்சம் கால் நீட்ட நேரம் கொடுங்கள்.