காங்கேசன்துறையில் கப்பல் ஏற முன்னம்

இலங்கையின் காங்கேசன்துறையில் இருந்து தமிழ்நாட்டின் நாகபட்டினத்துக்குக் கப்பலில் போக நினைப்பவர்கள் ரிக்கற் விலை பார்க்க முன்னம் மாதத்தைப் பாருங்கள். 2023 ஒக்ரோபர் 14 அன்று இந்தப் பாதையில் ஓடத் தொடங்கிய செரியாபாணி என்ற கப்பல், ஒரு கிழமைக்குள் நின்றுபோனது. வாடைக் காலம் அது. காங்கேசன்துறை வடக்கே திறந்த கடலைப் பார்த்த துறைமுகம். வாடைக் காற்றில் அலை நேரே ஏறி வரும். அதிவேகக் கப்பல்களுக்கு எந்த அலை உயரம் வரை ஓடலாம் என்று அனுமதிப் பத்திரத்திலேயே எழுதியிருக்கும். வெயில் எறித்தாலும் அலை அந்த அளவைத் தாண்டினால் கப்பல் கட்டை அவிழ்க்க மாட்டார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

காற்றே இல்லாத மாதத்திலும் அனுமதிக் கடதாசிகள் கப்பலை மறிக்கும். அடுத்து வந்த, 150 பேர் ஏறக்கூடிய சிவகங்கை என்ற கப்பல் 2024 மே 13 அன்று ஓடும் என்றார்கள். ஓடியது ஓகஸ்ட் 16. சொந்த நாட்டுக் கரையோரம் ஓடும் கப்பல் அடுத்த நாட்டுக்கு வெளிக்கிட்டால், 12 பயணிகளுக்கு மேல் ஏற்றுவதென்றால், சர்வதேசக் கடற்பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். உயிர்காப்பு மிதவை, தீயணைப்பு, வானொலி எல்லாம் அந்த அளவுகோலால் திரும்பப் பரிசோதிக்கப்படும். இரு கரையிலும் சுங்கம், குடிவரவு, சுகாதாரம், துறைமுகப் பாதுகாப்பு என்று தனித்தனி ஒப்புதல்கள் வேறு. ஒன்று பிந்தினாலும் மற்றவை காத்திருக்கும். திகதியை அறிவித்துவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருப்பது பயணிகளுக்குச் செய்யும் அநியாயம்.

சொகுசுக் கப்பலுக்கும் இதே கதைதான். சென்னையில் இருந்து போன கோர்டீலியா எம்பிரஸுக்கு 2022 யூனில் புதுச்சேரி அனுமதி கொடுக்கவில்லை. கப்பலில் இருந்த சூதாட்டக்கூடம்தான் அங்கே பிரச்சினை. அதே கப்பல் 2023 யூனில் காங்கேசன்துறைக்கு வந்தது, புதிய பயணிகள் முனையமும் அப்போதுதான் திறந்தார்கள்.

ரிக்கற் எடுக்கும்போது பெயரில் கவனம். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்ற குழப்பம் எங்களுக்குத்தான் கூட. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் உள்ளதை அப்படியே, முதலெழுத்தைச் சுருக்காமல் போடுங்கள். பயணிகள் பட்டியலை வைத்துத்தான் குடிவரவில் பெயரைச் சரிபார்ப்பார்கள்.

இந்திய இ-விசா எல்லாத் துறைமுகத்திலும் செல்லாது. விமானத்தில் போய்வந்த பழக்கத்தில் இதைப் பலர் கவனிப்பதில்லை. அனுமதித்த துறைமுகப் பட்டியலில் நாகபட்டினம் உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் விசாரித்து, கடவுச்சீட்டில் ஒட்டும் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். பொதி நிறையும் பருவத்துக்குப் பருவம் மாறியிருக்கிறது. போன முறை போய்வந்தவர் சொன்ன கணக்கில் பனங்கிழங்குக் கட்டு கட்டாதீர்கள், உங்கள் ரிக்கற்றில் உள்ள கிலோவைப் பாருங்கள்.