தரைக் கணக்கு

நவம்பர் 5, 2023, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் எங்கள் நடனக் குழுவுக்குக் கூட்டம். ஆடுகிறவர்கள் ஐந்து பேர், விளக்கு பார்க்கும் தம்பி ஒருவன். ஆறு பேருக்கும் ஓட்டு உண்டு. இயக்குநர் என்று தனியாக யாரும் கிடையாது. கணக்கு நோட்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கைமாறும். இப்போது என் முறை.

சென்னை பெருங்குடியில் இந்தப் பழைய குடோனை எடுத்து நான்கு வருடம் ஆகிறது. வாடகை 28,000. ஆடிச் சம்பாதித்து வாடகை கட்டுகிறோம் என்று சொன்னால் சிரிப்பார்கள். காலையில் சிலம்ப வகுப்பு, மாலையில் ஒரு நாடகக் குழு, வார இறுதியில் ஹிப்ஹாப் பையன்கள். அவர்கள் மணிக்கணக்கில் கொடுக்கிற காசில்தான் ஷட்டர் திறக்கிறது. மிச்ச நேரம் எங்களுக்கு. மிச்சம் என்றால் பிற்பகல் ஒரு மணியிலிருந்து நாலரை வரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை கொதிக்கிற நேரம்.

இன்று பேசியது ஒரே விஷயம்: தரை. வெறும் சிமென்டில் விழுந்து புரண்டு, இரண்டு பேருக்குக் கெண்டைக்கால் முன்னெலும்பில் தீராத வலி. சிமென்ட் எதையும் வாங்கிக்கொள்ளாது, கொடுத்த அடியை அப்படியே காலுக்குத் திருப்பி அனுப்பும். அடியில் ரப்பர், அதன் மேல் ரீப்பர் கட்டைகள், அதற்கு மேல் ப்ளைவுட் போட்டால் தரை கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். “நாம்தான் குதிப்பதே இல்லையே, மெதுவாகத்தானே நகர்கிறோம்?” என்று ஒரு குரல். மெதுவாக விழுவதுதான் உடம்புக்குக் கஷ்டம் என்று இன்னொரு குரல். கடைசியில் ஆறுக்கு ஐந்து. போடுகிறோம்.

நவம்பர் 9, வியாழன்

ஆசாரி வந்து அளந்தார். 32 அடிக்கு 20 அடி. எட்டுக்கு நாலு ஷீட் சரியாக இருபது பிடிக்கும், வெட்டுகிற வேலையே இல்லை என்று அவருக்குச் சந்தோஷம்.

அளவு எனக்குக் களரியை ஞாபகப்படுத்தியது. கேரளத்தில் களரிப்பயிற்று நடக்கும் குழிக்களரி 42 அடிக்கு 21 அடி என்பார்கள். தரையைத் தோண்டி இறக்கி, மண்ணை மெழுகி வைத்திருப்பார்கள். அந்த மண் காலை வாங்கிக்கொள்ளும். நடன அமைப்பாளர் சந்திரலேகா 1985-ல் ‘அங்கிகா’வில் பரதத்தையும் களரியையும் யோகாவையும் ஒரே மேடையில் நிறுத்தியதைப் பற்றிப் பேசுகிறவர்கள் உடம்பைப் பற்றித்தான் பேசுவார்கள். களரிக்காரர் மண்ணிலிருந்து வருகிறார், பரதக்காரர் கல்லிலிருந்தும் சிமென்டிலிருந்தும் வருகிறார் என்பதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆசாரி தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளைவுட் போடச் சொன்னார். விலையைக் கேட்டுவிட்டு நான் கமர்ஷியல் போதும் என்றேன். “தண்ணி பட்டா உப்பும்மா. இது பள்ளமான இடம் வேற.” கணக்கு நோட்டு என் கையில் இருந்தது. கமர்ஷியல்.

நவம்பர் 19, ஞாயிறு

தரை முடிந்தது. மொத்தம் 61,400. குழுவின் சேமிப்பு மொத்தமும் போக, என் தோடு ஒன்றும் அடகில் இருக்கிறது (அம்மாவுக்குத் தெரியாது).

சிலம்ப மாஸ்டர்தான் முதலில் ஏறிப் பார்த்தார். இரண்டு அடி வைத்துவிட்டு, “என்னம்மா, கட்டில் மேல நிக்கிற மாதிரி இருக்கு” என்றார். கம்பு முனை பலகையைக் குத்தும் என்பதால் அவர் வகுப்பைப் பின்பக்கத்துச் சிமென்டுக்கு மாற்றக் கேட்டோம். பதில் சொல்லவில்லை. கேட்டிருக்கக் கூடாதோ? எங்களுக்கு முன்பிருந்தே அந்தத் தெருவில் வகுப்பு நடத்துகிறவர் அவர். ஹிப்ஹாப் பையன்கள் மட்டும் தலைகீழாகச் சுற்றிச் சுற்றிக் கொண்டாடினார்கள்.

நவம்பர் 27, திங்கள்

டிசம்பர் 30-க்கு நிகழ்ச்சி வைக்கிறோம். நாற்பது நிமிடம், இன்னும் பெயர் வைக்கவில்லை. ஐந்து பேர் வரிசையில் நிற்பது, வரிசை கலைவது, மறுபடி நிற்பது. அவ்வளவுதான்.

வாடகை அரங்குக்கு முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு சபாவில் கேட்டபோது, “பரதநாட்டியமா, வெஸ்டர்னா?” என்றார்கள். இரண்டும் இல்லை என்றதும் மார்கழிக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். எந்த மார்கழி என்று சொல்லவில்லை. சரி, நம் இடம் இருக்கிறது.

இதே ஊரில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள். எல்லியட்ஸ் கடற்கரை ஓரத்தில் சந்திரலேகா, வடிவமைப்பாளர் தஷ்ரத் படேல், கலை விமர்சகர் சதானந்த் மேனன் மூவரும் உருவாக்கிய ‘ஸ்பேசஸ்’. வாழ்ந்த இடமும் ஒத்திகை இடமும் ஒன்று. சந்திரலேகா போன பிறகும் அங்கே மற்றவர்கள் ஆடுகிறார்கள், நாடகம் போடுகிறார்கள். கடற்கரை ஓரத்தில் சொந்த நிலம் இருந்தால் நாங்களும் பெரிய மனசோடு இருப்போம் என்று பொறாமையில் சொல்வதுண்டு. ஆனாலும் கதவைத் திறந்து வைப்பது நிலத்தால் மட்டும் நடக்கிற காரியம் இல்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

புயல், மிக்ஜாம். மாலையிலிருந்து விடாத மழை. நானும் தம்பியும் போய் வினைல் விரிப்பைச் சுருட்டிப் பரணில் ஏற்றினோம். பார் லைட்டுகள், டிம்மர், ஸ்பீக்கர் எல்லாம் மேலே. பலகையை என்ன செய்வது? ஸ்க்ரூ போட்டு இறுக்கியாயிற்று. ஷட்டர் அடியில் மணல் மூட்டை வைத்துவிட்டு வந்தோம்.

டிசம்பர் 5, செவ்வாய்

நேற்று முழுக்க வெளியே கால் வைக்க முடியவில்லை. விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை. இன்று வேளச்சேரிப் பக்கம் சுற்றி இடுப்பளவு தண்ணீரில் போனேன். குடோனுக்குள் முழங்கால் வரை. ரீப்பரோடு சேர்ந்து தரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, முதுகு வளைத்த மாடு மாதிரி.

டிசம்பர் 6, புதன்

தண்ணீர் கொஞ்சம் வடிந்தது. வாளியில் இறைத்தோம். மோட்டார் கிடைக்கவில்லை. பால் வாங்க ஒரு மணி நேரம் வரிசை. நிற்பதை ஒத்திகை பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் எங்கள் வரிசையில் யாரும் முன்னால் நிற்பவரின் பையை எட்டிப் பார்த்ததில்லை, பாக்கெட் தீர்ந்துவிடுமா என்று எண்ணியதில்லை. அது எவ்வளவு சுத்தமான வரிசை என்று வெட்கமாக இருந்தது.

இன்று சந்திரலேகா பிறந்த நாள், 1928. அவருடைய அரங்கேற்றம் 1952-ல் ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக நடந்தது. யமுனையில் நீர் விளையாடும் பெண்களை அபிநயம் பிடித்துக்கொண்டிருந்தபோது வெடித்த நிலமும் தண்ணீருக்காகக் காத்திருந்தவர்களும் திடீரென்று கண்முன் வந்துவிட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆட்டத்துக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் இருந்த பிளவை அங்கேதான் பார்த்தாராம். வாளியோடு குனிந்து நிமிர்ந்தபோதெல்லாம் அதுவே மண்டையில் ஓடியது. எனக்கு ஞானம் ஒன்றும் வரவில்லை. இடுப்புதான் வலித்தது.

டிசம்பர் 10, ஞாயிறு

சிலம்ப மாஸ்டர் பன்னிரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. இருபது ஷீட்டையும் கழற்றித் தெருவில் காயப் போட்டது அவர்கள்தான். தேறியது ஆறு. மற்றவை விசிறி மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டன.

நான் ஆசாரிக்குப் போன் செய்யவில்லை.

டிசம்பர் 17, ஞாயிறு

சண்டை. ஆறு பலகையையும் நடுவில் போட்டு 16 அடிக்கு 12 அடித் தீவாக்கி, ஐந்து பேரும் அதன் மேல் வரிசை நிற்கலாம் என்று யோசனை. எனக்குப் பிடிக்கவில்லை. ஊரில் வீட்டை இழந்தவர்கள் இருக்கும்போது வெள்ளத்தை மேடையேற்றி அனுதாபம் வாங்குவது போல இருக்கும் என்றேன். “பார்க்கிறவர்கள் நினைத்தால் நினைக்கட்டும், கால் வலிக்காமல் ஆட ஆறு பலகைதான் இருக்கிறது” என்றாள் வலிக்காரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தும் எதிராகத்தான் ஓட்டுப் போட்டேன். நாலுக்கு இரண்டு, தோற்றேன்.

அப்புறம் டீ குடிக்கும்போது தம்பி நியூயார்க் ஜட்சன் தேவாலயத்தைப் பற்றிக் கேட்டான். 1962 ஜூலையில் அங்கே இளம் நடனக்காரர்கள் கூடித் தங்கள் முதல் நிகழ்ச்சியை நடத்தினார்கள். இவோன் ரெய்னர், ஸ்டீவ் பாக்ஸ்டன் எல்லாம் அதில் இருந்தார்கள். சும்மா நடப்பதும் ஓடுவதும்கூட நடனம் என்று அங்கே நிலைத்தது. இடம் கொடுத்தது தேவாலயம். “அவங்களுக்குள்ள ஓட்டுப் போட்டுச் சண்டை வந்திருக்குமா அக்கா?” வராமலா இருந்திருக்கும்.

டிசம்பர் 30, சனி

சந்திரலேகா இறந்த நாளும் இதுதான், 2006. தேதியை நாங்கள் திட்டமிட்டு வைக்கவில்லை, நாடகக் குழு விட்டுக்கொடுத்த நாள் இது.

அறுபது பேர் வந்தார்கள், நாற்காலி முப்பது. தீவைப் பற்றி நான் பயந்தது பாதி நடந்தது. ஒரு அம்மா ஆரம்பித்ததுமே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் யாரும் யோசிக்காத ஒன்றும் நடந்தது. உப்பி உலர்ந்த பலகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் போட்டன. ஒருவர் எடையை இடதுகாலுக்கு மாற்றினால் ஒரு முனகல், இன்னொருவர் குதிகாலைத் தூக்கினால் டக்கென்று ஒரு விடுபடல். இருபத்தைந்தாவது நிமிடத்தில் வைத்திருந்த இசையைத் தம்பி போடாமலே விட்டுவிட்டான். கேட்காமல் செய்தது தப்புதான். நல்ல தப்பு.

சிலம்ப மாஸ்டர் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, “எல்லாம் நல்லா இருந்துச்சும்மா. எப்ப ஆட ஆரம்பிப்பீங்கன்னுதான் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார்.

ஜனவரி 2, 2024, செவ்வாய்

உண்டியலில் 11,250. டீ, வடை, ஜெனரேட்டர் போக 7,900.

நேர அட்டவணையை மாற்றினோம். சிலம்ப வகுப்பு பழையபடி முன்பக்கத்தில்தான். புதுத் தரை போட்டால் காலையில் பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மதியம் நாங்கள் மாட்டிக்கொள்வோம். ஸ்க்ரூ கிடையாது, கொக்கி. புயல் வந்தாலும் பரணில் ஏற்றிவிடலாம்.

கடைசியில் ஆசாரிக்கு நானே போன் செய்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. மாலையில் வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் அனுப்பினார். முதல் வரி: ‘மரைன். பேச்சே இல்லை.’