வாய்க்காலின் கடைசி ஒரு மீட்டர்

மார்ச் 4, செவ்வாய்

லேபில் இருக்கும் 12 மீட்டர் ஃப்ளூமை (தண்ணீர் ஓடவிட்டுப் பார்க்கும் கண்ணாடி வாய்க்கால்) ஓப்பன்ஃபோம் என்ற ஓட்டக் கணிப்பு மென்பொருளில் ஏற்றியாயிற்று. அகலம் அரை மீட்டர், ஓட்டம் நொடிக்கு 50 லிட்டர், ஆழம் 20 செ.மீ. ஃப்ரௌடு எண் (ஓட்ட வேகத்துக்கும் அலை வேகத்துக்கும் உள்ள விகிதம்) 0.36, அதாவது சப்கிரிட்டிக்கல்: அலை ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏற முடியும். இந்த ஓட்டத்துக்குக் கடிவாளம் கீழ்முனையில்தான். எவ்வளவு தண்ணீர் வரும் என்பது மேல்முனையில் முடிவாகிறது. அது எந்த ஆழத்தில் நிற்கும் என்பது அவுட்லெட்டில், அதாவது தண்ணீர் வெளியேறும் கீழ்முனை எல்லையில்.

என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று அவுட்லெட் முழுக்க அழுத்தம் சுழி என்று கொடுத்தேன். அடியில் 1962 பாஸ்கல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லையென்றால் தண்ணீர் நிற்குமா? கடைசியில் ஆழம் கிரிட்டிக்கல் அளவான (ஓட்ட வேகமும் அலை வேகமும் சமமாகும் ஆழம்) 10 செ.மீ.க்கும் கீழே இறங்கிவிட்டது. மேலே உள்ள மட்டமும் கூடவே சரிந்தது.

மார்ச் 5, புதன்

இன்று அவுட்லெட்டில் 20 செ.மீ. மட்டத்தைப் பூட்டி, அதற்கேற்ற ஹைட்ரோஸ்டாட்டிக் அழுத்தம் (அடிக்குப் போகப் போகக் கூடுவது) கொடுத்தேன். சராசரி ஆழம் சரியாக வருகிறது. ஆனால் நடுவில் வைத்த புரோபில் (மட்டத்தைப் பதிவு செய்யும் புள்ளி) மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, சுமார் 39 நொடிக்கு ஒருமுறை.

இந்த ஆழத்தில் அலை வேகம் நொடிக்கு 1.4 மீட்டர், ஓட்டம் 0.5. கீழே போக 6.3 நொடி, எதிர்த்து மேலே வர 13.3 நொடி. ஒரு சுற்று ஏறக்குறைய 20 நொடிதான். அப்புறம் ஏன் 39? மட்டம் பூட்டிய அவுட்லெட்டில் மோதும் அலைமேடு அலைப்பள்ளமாகத் திரும்புகிறது. ஓட்டம் பூட்டிய மேல்முனை அதை அப்படியே திருப்பி அனுப்புகிறது. அதனால் பழைய நிலைக்கு வர இரண்டு சுற்று வேண்டும். காத்திருந்தால் தேயும்தான். ஆனால் உராய்வு குறைந்த கண்ணாடி ஃப்ளூமில் அந்தக் காத்திருப்பு கம்ப்யூட்டர் நேரத்தைத் தின்றுவிடும்.

மார்ச் 7, வெள்ளி

லேபில் ஃப்ளூம் ஓட்டும் அண்ணன் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டெயில்கேட் எங்க சார்? அது இல்லாம நம்ம ஃப்ளூமே நிக்காதே."

நியாயம்தானே. கீழ்முனையில் மட்டத்தைப் பிடித்து வைக்கும் கதவுதான் டெயில்கேட். அதற்குப் பதிலாகக் கடைசி ஒரு மீட்டரில் ஒரு மேடு வைத்தேன். ஆற்றல் தலை (ஆழமும் வேகத்தின் பங்கும் சேர்ந்த உயரம்) 21.3 செ.மீ.; கிரிட்டிக்கல் ஓட்டத்துக்கு 15.1 போதும், மேட்டின் உயரம் 6.2 செ.மீ. அதைத் தாண்டியதும் ஓட்டம் அலை வேகத்தை மிஞ்சி சூப்பர்கிரிட்டிக்கல் ஆகிவிடுவதால் அவுட்லெட்டில் நடப்பது எதுவும் மேலே ஏறி வர முடியாது. அங்கே ஜீரோ கிரேடியன்ட் (உள்ளே இருக்கும் மதிப்பையே எல்லையிலும் எடுத்துக்கொள்வது) போதும். மேடும் அலையைக் கொஞ்சம் திருப்பி அனுப்பத்தான் செய்கிறது, ஆனால் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. என்னைக் கேட்டால், ஆய்வகத்தில் மட்டத்தைப் பிடித்து வைப்பது எதுவோ அதை மெஷ்ஷுக்குள்ளேயே, அதாவது கணிப்பு வலைக்குள்ளேயே, வரைந்துவிடுவதுதான் சரி.

மார்ச் 10, திங்கள்

ஹெக்-ராஸ் என்ற ஆற்றோட்ட மென்பொருளில் ஆறு ஓட்டும் நண்பர் கேட்டார்: "ஆத்துக்குள்ள எங்கப்பா மேடு கட்டுறது?" கட்ட வேண்டாம், எல்லையைத் தள்ளி வைத்தால் போதும். சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர் 1989-இல் தந்த தோராயக் கணக்கு: ஆழத்தில் 0.7 பங்கைச் சரிவால் வகுத்தால் பின்னீர், அதாவது கீழ் எல்லையின் பாதிப்பு, மேலே எட்டும் தூரம். 3 மீட்டர் ஆழம், 2000-க்கு 1 சரிவு என்றால் 4.2 கி.மீ. எல்லையில் கொடுக்கும் நார்மல் டெப்த் (சரிவும் உராய்வும் சமன்படும் ஆழம்) கணக்குக்கு வேண்டிய சரிவை நண்பர் ஊகித்துத்தான் போடுகிறார். அவருடைய பாலம் எல்லையிலிருந்து 800 மீட்டரில் இருக்கிறது. கீழே இன்னும் நான்கு கிலோமீட்டருக்குக் குறுக்குவெட்டு அளந்து வரச் சொல்லியிருக்கிறேன். சர்வே செலவை நினைத்து முகம் சுளித்தார்.